512 புள்ளிகளில் ஒரு செல்லக்குட்டி!

கோழி முட்டையைவிடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் பொம்மை. அதன் நடுவில் தபால் தலை அளவுக்கு ஒரு கண்ணாடித் திரை. திரைக்குக் கீழே மூன்று பொத்தான்கள். சரக்கு இவ்வளவுதான். இந்தப் பொம்மையை வாங்க ஜப்பானில் ஜனங்கள் கடை வாசலில் நீண்ட வரிசையில் நின்றார்கள். பல நாடுகளில் பள்ளிக்கூடங்கள் "இதை வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது" என்று தடை போட்டன. பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் தாய்மார்கள் அதற்கு "சோறு" ஊட்டினார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

நம்பித்தான் ஆக வேண்டும். ஜப்பானின் பண்டாய் கம்பெனி 1996ம் ஆண்டு நவம்பர் 23ந் தேதி விற்பனைக்கு விட்ட அந்தப் பொம்மையின் பெயர் "தமகோச்சி". ஜப்பானிய மொழியில் "தமாகோ" என்றால் முட்டை. அதோடு கைக்கடிகாரத்தைக் குறிக்கும் "வாட்ச்" என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துப் பிசைந்து வைத்த பெயர் இது. விலை 1,980 யென். அகிஹிரோ யோகோய் என்பவரும், அகி மைத்தா என்ற பெண்மணியும் இதன் கர்த்தாக்கள்.

மறு வருடம் மே மாதம் பொம்மை அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. முதல் சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் சுமார் 4 கோடி பொம்மைகள் விற்றன. 1997ல் யோகோய்க்கும் மைத்தாவுக்கும் ஒரு வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. நோபல் பரிசைக் கேலி செய்து வருடந்தோறும் வழங்கப்படும் "இக் நோபல்" பரிசுதான் அது. அதுவும் பொருளாதாரத்துக்காக! பல லட்சம் மணி நேர மனித உழைப்பை, இல்லாத பிராணியை வளர்க்கும் வேலைக்குத் திருப்பிவிட்டார்கள் என்பது அவர்கள் புரிந்த சாதனை.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். பொம்மை இன்னும் சாகவில்லை. 2025ல் அதன் மொத்த விற்பனை 10 கோடியைத் தாண்டியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் உள்ள பொம்மை மியூசியம், உலக வீடியோ விளையாட்டுகளின் புகழ் மண்டபத்தில் தமகோச்சிக்கும் இடம் கொடுத்தது. அதன் வாரிசுகளோ செல்போனில் புகுந்து பெருகிவிட்டன. மும்பையில் எந்தப் புறநகர் வண்டியில் ஏறினாலும், அம்மா மடியில் உட்கார்ந்து, செல்போனில் ஒரு பூனைக்குப் பல் தேய்த்துவிடும் குழந்தையைக் காணலாம்.

மூச்சில்லாத, ரத்தமில்லாத, வெறும் வெளிச்சப் புள்ளிகளால் ஆன ஒரு பிராணியிடம் மனிதனுக்கு ஏன் இந்த மயக்கம்? அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

புள்ளிக்கோலம் போல

முதல் தமகோச்சியின் திரை, அகலத்தில் 32 புள்ளிகளும் உயரத்தில் 16 புள்ளிகளும் கொண்டது. பெருக்கிப் பாருங்கள், மொத்தம் 512. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பாக இருக்கும், இல்லையேல் காலியாக இருக்கும். சாம்பல் நிறம்கூடக் கிடையாது. நமது பிளாட்பாரங்களில் வண்டியின் பெயரையும் நேரத்தையும் காட்டும் இண்டிகேட்டரில் இதைவிட அதிகமான புள்ளிகள் எரிகின்றன!

இந்தக் கையகலத்துக்குள்தான் பிராணி பிறக்க வேண்டும், தின்ன வேண்டும், தூங்க வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டும். ஓவியருக்கு ஆடம்பரம் செய்ய இடமே இல்லை. குழந்தைப் பருவம் கடந்ததும் வரும் முதல் உருவத்தின் பெயர் "மருச்சி". "மரு" என்றால் வட்டம். பெயருக்கேற்றபடி அது ஒரு வட்டம்தான். அதற்குள் இரண்டு கண்கள், ஒரு சின்ன வாய். கை கிடையாது, கழுத்து கிடையாது. இரண்டு மூன்று படங்கள் மாறி மாறி வந்து அதை அங்குமிங்கும் குதிக்க வைக்கின்றன. நாம் பார்ப்பது என்னவோ ஒரு குட்டிப் பிராணியை.

மீதியை வரைவது யார்? நமது கண்தான். வாசலில் புள்ளிக்கோலம் போடும் பெண்கள் இதை நன்கு அறிவார்கள். ஏழு புள்ளி வைத்து நாலு கோடு வளைத்தால் பார்ப்பவர் "மயில்" என்கிறார். தோகையில் உள்ள கண்களை அவரே நிரப்பிக்கொள்கிறார். மரப்பாச்சியும் அப்படித்தான். அதன் மரமுகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. ஆனால் வீட்டுச் சிறுமி "இன்றைக்கு என் பாப்பாவுக்குக் காய்ச்சல்" என்றால் காய்ச்சல்தான்!

ஜப்பானியர் இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள். 1974ல் பிறந்த "ஹலோ கிட்டி" என்ற பெண் உருவத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பென்சில் டப்பாவிலும் பள்ளிப் பையிலும் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளை முகம். அதற்கு வாய் வரையப்படுவதில்லை. பார்ப்பவர் சந்தோஷமாக இருந்தால் அதுவும் சந்தோஷமாகத் தெரியும். அவர் துக்கத்தில் இருந்தால் அதுவும் கூடவே துக்கப்படும். இத்தகைய குழந்தைத்தனமான அழகுக்கு ஜப்பானில் "கவாயி" என்று பெயர். தமகோச்சி அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

லாரென்ஸ் சொன்ன லட்சணங்கள்

குறைவாக வரைந்துவிட்டால் மட்டும் போதுமா? வட்டத்துக்குப் பதில் ஒரு சதுரத்தை வைத்து இரண்டு புள்ளி போட்டால் கொஞ்சத் தோன்றுமா? தோன்றாது. எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கை 1943ல் எழுதிக் காட்டியவர் ஆஸ்திரிய விஞ்ஞானி கான்ராட் லாரென்ஸ். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். உடம்புக்கு மிஞ்சிய பெரிய தலை, முன்னுக்குத் துருத்திய நெற்றி, முகத்தில் சற்றுக் கீழே இறங்கியிருக்கும் பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான தடித்த கை கால், தத்தித் தத்தி நடக்கும் நடை. இவை பச்சிளங்குழந்தையின் லட்சணங்கள். இவற்றைக் கண்டதும் பெரியவர்களின் மனம் தானாக இளகுகிறது, தூக்கிக் காப்பாற்றத் துடிக்கிறது என்றார் அவர். மனிதக் குழந்தை பல ஆண்டுகள் பிறர் தயவில் வாழ வேண்டிய ஜீவன். ஆகவே அதன் முகத்திலேயே இயற்கை ஒரு சிபாரிசுக் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறது.

விசேஷம் என்னவென்றால், கடிதம் யாருடைய முகத்தில் இருந்தாலும் நாம் ஏமாந்து படித்துவிடுகிறோம்! நாய்க்குட்டிக்கும் அதே முகம், கோழிக்குஞ்சுக்கும் அதே உருண்டை. மருச்சியும் அதே அச்சு. உடம்பு முழுவதும் தலை!

அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்ட் 1979ல் மிக்கி மவுஸைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1928ல் படத்துக்கு வந்தபோது கூர்மூக்கும் ஒல்லிக் காலுமாகக் குறும்பு செய்த எலி, வருடம் ஆக ஆக இளைத்துப் போகாமல் இளமையாகிக்கொண்டே வந்ததை அவர் அளந்து காட்டினார். தலையின் நீளத்தில் 27 சதவீதமாக இருந்த கண், 42 சதவீதமாகப் பெருத்துவிட்டதாம். ஓவியர்கள் லாரென்ஸைப் படித்துவிட்டு வரையவில்லை. ரசிகர்கள் எதைக் கண்டு உருகினார்களோ, அந்தத் திசையில் பென்சில் தானே நகர்ந்திருக்கிறது.

2009ல் இதை மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். குழந்தைகளின் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் மாற்றி, சிலவற்றில் கண்ணையும் நெற்றியையும் பெரிதாக்கி, சிலவற்றில் சிறிதாக்கி, குழந்தை பெறாத பெண்களுக்குக் காட்டினார்கள். பெரிய கண், பெரிய நெற்றி கொண்ட முகங்களைக் கண்டபோது, விரும்பியது கிடைக்கும்போது கிளர்ச்சியடையும் மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்தது.

நிஜத்தை நெருங்கினால் ஆபத்து

"அப்படியானால் குழந்தையையோ நாய்க்குட்டியையோ அச்சு அசலாக வரைந்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்குமே?" என்று கேட்கலாம். அங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. 1970ல் மசாஹிரோ மோரி என்ற ஜப்பானியப் பேராசிரியர் எந்திர மனிதர்களை வைத்து இதை விளக்கினார். பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடிக்கிறது. ஏறக்குறைய மனிதன், ஆனால் முழு மனிதன் இல்லை என்ற கட்டத்துக்கு வந்தவுடன் உடம்பு சிலிர்த்து விலகுகிறோம். பிணத்தைக் கண்டதுபோல் ஆகிவிடுகிறது.

512 புள்ளிகளுக்கு அந்தப் பயமே இல்லை. பள்ளத்துக்கு வெகு தூரம் முன்னாலேயே அவை நின்றுவிடுகின்றன. ஆனால் திரைகள் வளர்ந்தன. 2005 ஏப்ரலில் நின்டென்டோ கம்பெனி "நின்டென்டாக்ஸ்" என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. இதில் வருவன ரோமம் அசையும் நாய்க்குட்டிகள். திரையை எழுதுகோலால் தடவினால் வாலை ஆட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும். ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் பிரதிகள் விற்றன. நிஜத்தை இவ்வளவு நெருங்கியும் அது பள்ளத்தில் விழவில்லை. காரணம், மனித முகத்தைத் தொடாமல் நாய்க்குட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. அந்தக் குட்டிகள் வளர்வதே இல்லை. எத்தனை மாதம் வளர்த்தாலும் அதே பெரிய தலை, அதே தத்தல் நடை. சிபாரிசுக் கடிதத்துக்குக் காலாவதித் தேதியே கிடையாது!

முகமே மார்க்குப் பட்டியல்

தமகோச்சி அப்படியல்ல. அது வளரும், மூப்படையும், சாகும். நமக்கு ஒரு நாள் அதற்கு ஒரு வயது. பசிக்கு நாலு இதயம், மகிழ்ச்சிக்கு நாலு இதயம் என்று திரையில் கணக்கு இருக்கும். பசித்தால் சத்தம் போடும். அசுத்தம் செய்தால் துடைக்க வேண்டும். தூங்கினால் விளக்கை அணைக்க வேண்டும். நோய் வந்தால் பக்கத்தில் மண்டை ஓடு தோன்றும், ஊசி போட வேண்டும்.

ஒழுங்காகக் கவனித்தால் "மமெச்சி" என்ற லட்சணமான உருவம் வரும். கைவிட்டால் "தரகோச்சி" போன்ற தடித்த உதட்டுக்காரர் வந்து நிற்பார். அதாவது பிராணியின் முகமே வளர்த்தவரின் மார்க்குப் பட்டியல். பிள்ளைகள் ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்த மாத்திரத்தில், யார் அக்கறைக்காரர், யார் சோம்பேறி என்று தெரிந்துவிடும்.

முடிவில் ஜப்பானியப் பொம்மையில் ஒரு கல்லறையும் அதன் பக்கத்தில் ஒரு ஆவியும் வரும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அனுப்பியபோது கல்லறையை எடுத்துவிட்டுச் சிறகு முளைத்த தேவதையாக மாற்றினார்கள். ஒரு கல்லை வரைய எத்தனை புள்ளி வேண்டும்? இருபதோ முப்பதோ. ஆனால் அந்தப் புள்ளிகள் குழந்தையை அழ வைக்கும் என்று கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. படத்தின் வலிமைக்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

முற்றத்துப் பூனைகள்

இந்தப் பொறுப்பே வேண்டாம், கண்ணுக்கு அழகு மட்டும் போதும் என்று ஒரு விளையாட்டு 2014 அக்டோபரில் வந்தது. ஹிட் பாயின்ட் கம்பெனி செய்த "நெகோ அத்சுமே". பூனை சேர்ப்பது என்று பொருள். முற்றத்தில் கொஞ்சம் தீனியும் ஒரு பந்தோ மெத்தையோ வைத்துவிட்டு விளையாட்டை மூடிவிட வேண்டும். நாம் பார்க்காத நேரத்தில் பூனைகள் வரும். திறந்து பார்த்தால் ஒன்று அட்டைப் பெட்டிக்குள் சுருண்டிருக்கும், இன்னொன்று மெத்தையில் மல்லாந்திருக்கும். போட்டோ எடுத்து ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

வரைந்த விதமும் எளிமை. மெல்லிய கோட்டில் ஒரு உருண்டை, அதன் மேல் இரண்டு காது, முதுகில் ஒரு திட்டு. போகும்போது பூனைகள் நன்றியாக வைத்துவிட்டுப் போவது "நிபோஷி" என்ற காய்ந்த பொடிமீனை. நம்மூர் நெத்திலிக் கருவாட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அதைச் சேர்த்துத்தான் அடுத்த மெத்தை வாங்க வேண்டும். காசு கொடுத்தும் மீன் வாங்கலாம், ஆனால் பொறுமை இருந்தால் செலவே இல்லை. நாம் திறக்காவிட்டால் எந்தப் பூனையும் சாகாது, எந்தப் பூனையும் அழாது. 2017ல் இதை வைத்து ஜப்பானில் ஒரு சினிமாவே எடுத்தார்கள்.

கண்ணீர் யாருக்காக?

எல்லாப் பிராணிகளும் இப்படி நல்ல பிள்ளைகள் அல்ல. என்னோடு பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு நண்பரின் மகளுக்கு ஆறு வயது. அவளும் செல்போனில் ஒரு பூனை வளர்க்கிறாள். அது தூங்கும்போது போனுக்கு மேல் கைக்குட்டையைப் போர்த்திவிடுகிறாள். ஒருநாள் தீனிக்கான காசு தீர்ந்துவிட்டது. பூனையின் கண் பெரிதாகி, உதடு பிதுங்கி, நீர் தளும்பியது. கீழேயே காசு மூட்டை, விலையோடு. மகள் அப்பாவிடம் வந்தாள்.

"பணம் கட்டுங்கப்பா. பாவம்ப்பா, அது பட்டினியா இருக்கு."

"அது நெஜப் பூனை இல்லம்மா, வெறும் படம்."

"தெரியும்ப்பா. ஆனா அழுவுதே!"

நண்பரால் பதில் சொல்ல முடியவில்லை. நானும் யோசித்தேன், எனக்கும் பதில் வரவில்லை. லாரென்ஸ் சொன்ன விஷயத்தை அந்தக் குழந்தை மூன்று சொல்லில் சொல்லிவிட்டாள். நிஜமா பொய்யா என்று புத்தி தீர்ப்பெழுதும் முன்பே கண் உத்தரவு போட்டுவிடுகிறது.

இது தற்செயலாக நடப்பதும் அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், சின்னஞ்சிறு குழந்தைகள் விளையாடும் 135 செல்போன் செயலிகளை ஆராய்ந்து 2018ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 95 செயலிகளில் ஏதாவது ஒரு வகையில் விளம்பரம் இருந்தது. குழந்தைக்குப் பிரியமான பாத்திரமே "இதை வாங்கு" என்று சொல்லும் செயலிகளும் இருந்தன. ஒன்றில், கடைப் பக்கத்தைத் திறந்துவிட்டு வாங்காமல் திரும்பினால் பாத்திரம் தலையை ஆட்டி, முகம் வாடி, அழவே தொடங்குகிறது.

பிரிட்டனில் 2008ல் தொடங்கிய "மோஷி மான்ஸ்டர்ஸ்" என்ற விளையாட்டில் பிள்ளைகள் ஒரு குட்டிப் பூதத்தைத் தத்து எடுத்து வளர்ப்பார்கள். காசு கட்டிச் சேரும்படி அது பிள்ளைகளை நேரடியாகத் தூண்டுகிறது என்று அந்நாட்டு விளம்பர நெறி ஆணையம் 2015ல் கண்டித்தது. 2019 இறுதியில் அந்த விளையாட்டே மூடப்பட்டுவிட்டது. கண்டிக்க ஆள் இருந்த ஊரில் ஒரு பூதத்துக்குத் தீர்ப்புக் கிடைத்தது. செல்போனுக்குள் இருக்கும் எண்ணற்ற பூனைகளுக்கும் நாய்களுக்கும் யார் தீர்ப்பு எழுதுவது?

பெற்றோர் பார்க்க வேண்டிய இடம்

இதனால் "செல்போனைப் பிடுங்கு, பூனையை விரட்டு" என்று சொல்ல வரவில்லை. அழகான குட்டிகளைப் பார்ப்பதில் நன்மையும் உண்டு. 2012ல் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு நாய்க்குட்டி, பூனைக்குட்டிப் படங்களைக் காட்டிவிட்டு, சின்னத் துவாரத்திலிருந்து இடுக்கியால் பொருளை எடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். குட்டிகளைப் பார்த்தவர்கள், வளர்ந்த பிராணிகளைப் பார்த்தவர்களைவிடக் கவனமாகச் செய்தார்கள். குட்டியைக் கண்டால் கை தானாக நிதானப்படுகிறது. பத்துக்குப் பத்து அறையில் குடியிருந்து, நிஜ நாய்க்கு வீட்டுக்காரர் அனுமதி கிடைக்காத குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்கு வேளா வேளைக்குச் சோறு வைக்கவும், தூங்கும்போது சத்தம் போடாமல் இருக்கவும் ஒரு படம் கற்றுக்கொடுத்தால் நல்லதுதானே!

ஆனால் ஒன்று. அந்தப் பெரிய கண்ணும் உருண்டை முகமும் நம் மனதிலிருந்து அக்கறையை வெளியே இழுக்கின்றன. இழுத்த அக்கறையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்பதே கேள்வி. பிராணியின் கிண்ணத்திலா, கம்பெனியின் கல்லாவிலா?

கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு பத்து நிமிடம் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பிராணியின் முகத்தைப் பாருங்கள். எப்போது சிரிக்கிறது, எப்போது அழுகிறது என்று கவனியுங்கள். பசித்தபோது அழுது, தின்றபோது சிரித்தால் அது பிராணி. கடைக் கதவைத் திறந்தபோது சிரித்து, மூடியபோது அழுதால் அது விற்பனைக்காரர். பிராணி என்றால் வீட்டில் இருக்கட்டும். விற்பனைக்காரர் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

போனில் பணம் செலுத்தும் வழிக்கு ரகசிய எண் போட்டு வைப்பதும் நல்லது. அந்த எண்ணைக் குழந்தைக்குச் சொல்லாதீர்கள். பூனைக்கும்தான்!